கழுத்துக் குழாய்

ஹாதியா முதல் வேலையாக மின்விசிறியை அமர்த்தினாள். அண்ணன் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் காலண்டர் தாள்களின் மை உலர்வதற்குப் போடுகிற ஆளுயர விசிறி அது. அமர்த்திய பிறகும் தன்பாட்டுக்குச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. அண்ணன் நிஜாம் அதைத் தூக்கிவந்து, பின்வாசலில் நின்றபடியே எட்டி, அம்மாவின் தலைமாட்டில் வைத்திருந்தான். காற்று அம்மாவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நேரே முன்னறைக்குப் போய், துக்கத்துக்கு வந்திருந்த பெண்களின் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. நல்ல ஏற்பாடுதான்.

"அம்மாவுக்கு வேக்காடா இருக்கும்லா," என்றான் நிஜாம். மௌத்தாகிக் கிடக்கிற அம்மாவுக்கு.

ஹாதியா முன்னறைப் பக்கம் திரும்பி, அம்மா மூச்சு விட்டதெல்லாம் கழுத்துத் துளை வழியாகத்தான், அங்கே சளி இன்னும் இருக்கும், அதனால் விசிறி ஓடாது, சன்னல் மட்டும் திறந்திருக்கும் என்று பொதுவாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முன்னறை காலியாகிவிட்டது. பெண்கள் தெருவில் போய் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். அதுவும் நல்லதுதான் என்று அவள் நினைத்தாள்.

அம்மா மெகருன்னிசாவுக்குக் கொரோனா வந்தது முதல் அலையில். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வெண்டிலேட்டரில் கிடந்தாள். வாய்வழியாகப் போட்ட குழாயை இனியும் வைத்திருக்க முடியாது என்று கழுத்தில் துளையிட்டு, அங்கே ஒரு வளைந்த குழாயை வைத்தார்கள். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தபோது குழாயும் கூடவே வந்தது. அதன் உள்முனையைச் சுற்றி ஒரு சின்ன பலூன். வாயில் போடுவது புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிடாமல் இருக்க அது எப்போதும் ஊதியே இருக்கும். காற்று கழுத்தோடு வந்து கழுத்தோடு போய்விடும். தொண்டைக்குக் கொஞ்சமும் ஏறாது. அதனால் அம்மாவுக்குக் குரல் இல்லை. ஒரு காலத்தில் மீன்காரனிடம் அவள் பேரம் பேசினால் பள்ளிவாசல் வரை கேட்கும். இப்போது உதட்டை அசைப்பாள், கையைத் தட்டுவாள், கோபம் வந்தால் டம்ளரால் கட்டில் சட்டத்தில் அடிப்பாள்.

பார்த்துக்கொண்டது ஹாதியாதான். அவள் புருஷன் சவுதியில், தம்மாமில் மாட்டிக்கொண்டிருந்தான், விமானம் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவள் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டாள். சளியை மெஷின் வைத்து உறிஞ்சுவது, உள்குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டுவது, கழுத்து நாடாவை இறுக்காமலும் தளர விடாமலும் கட்டுவது. ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, விசிறியை அமர்த்தி, தனக்கு இரண்டு மாஸ்க் போட்டு, அதற்கு மேல் முகத்துக்குக் கண்ணாடித்தாள் மறைப்பு. அந்த மறைப்பு நிஜாம் செய்து கொடுத்தது. காலண்டர் வேலைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் தாளைத்தான் வெட்டி ரப்பர் பட்டை கோத்திருந்தான். குழாய்க்கு மெஷின், டியூப், பஞ்சு என்று ஊரடங்கிலும் அலைந்து வாங்கிவந்தவன் அவன். ஆனால் அறைக்குள் மட்டும் வரமாட்டான். அவன் மனைவி விருதுநகரில் தாய் வீட்டில் முழுகாமல் இருந்தாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பான், அம்மா கையாட்டுவாள், போய்விடுவான்.

வெளியே கூட்டிப்போனால் அம்மாவுக்கு மாஸ்க் கழுத்தில்தான். மூச்சு அங்கேதானே. ஒருமுறை மதுரையிலிருந்து திரும்பும்போது ஆமத்தூர் பக்கம் போலீஸ்காரர் காரை மறித்து, அம்மா மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஹாதியா மாஸ்க்கை லேசாக விலக்கிக் குழாயைக் காட்டினாள். மனுஷன் தன் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்துபோனார். வீடு வந்து சேருகிற வரை அம்மா தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமே இல்லாமல்.

புரையேறுவது நின்றதும் டாக்டர் நல்ல வார்த்தை சொன்னார். பலூனை இறக்கி, சின்னக் குழாய் மாற்றி, மூடி போட்டுப் பார்த்து, தாங்கினால் எடுத்துவிடலாம். பேச்சு வந்துவிடும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகப் பை கட்டி வைத்தாயிற்று. அதற்குள் இரண்டாவது அலை வந்துவிட்டது. அங்கிருந்து போனில் சொன்னார்கள்: இப்போது வேண்டாம், குழாயை எடுக்கும்போது நோயாளி இருமினால் அறை முழுக்கத் தெறிக்கும், படுக்கையும் இல்லை, வந்தால் அவர்களுக்கே தொற்றிவிடும், கூட்டம் குறையட்டும். நியாயமான பேச்சு. ஆனால் கூட்டம் குறையவில்லை. தெருவில் சடலம் தூக்கும் சந்தூக்குப் பெட்டி போவதும் வருவதுமாக இருந்தது.

அப்படி ஒரு பெட்டி போன நாளில்தான் அம்மா டம்ளரைத் தட்டிக் கூப்பிட்டாள். குழாயைத் தொட்டாள். மேலே கையைக் காட்டினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். இதோடு என்னை அனுப்பாதே. ஹாதியாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. அதெல்லாம் டாக்டர் எடுப்பார், வாயைக் கழுவுங்க என்றாள். அம்மா விடவில்லை. மறுபடி குழாய், மறுபடி மேலே, மறுபடி இல்லை. கடைசியில் ஹாதியா உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சரிம்மா. யாரும் எடுக்கலைன்னா நான் எடுக்கேன்."

இன்று காலை உள்குழாயைக் கழுவி மாட்டிவிட்டுத் தேநீர் கொண்டுவருவதற்குள் அம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி. தெருமுனை கிளினிக் டாக்டர் ராம்குமார் பாதுகாப்பு உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். மூக்கிலும் குழாயிலும் சளி எடுத்துச் சோதித்தார். கொரோனா இல்லை என்று காட்டியது. இருந்தாலும் இருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள் என்றார். குளிப்பாட்டலாம், ஆனால் அதற்கு முன் குழாயை எடுத்து ஓட்டையைத் தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். நானே செய்துகொடுத்திருப்பேன், ஆனால் கிளினிக்கில் மூச்சுத் திணறலோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் செய்கிறேன் என்றாள் ஹாதியா. அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, வாசலில் நின்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். பலூனை இறக்காமல் இழுத்துவிடாதீர்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஆனால் அவள் உள்ளே வந்து அம்மாவின் தாடையைக் கட்டுவதற்குள் வெளியே வேறொரு முடிவு ஆகிவிட்டது. ஜமாஅத் தலைவர் செய்யது அபுதாஹிர் வந்திருந்தார். அவரும் நிஜாமும் பேசி முடித்துவிட்டார்கள். குளிப்பாட்ட வேண்டாம், தயம்மும் போதும், அப்படியே பிளாஸ்டிக் உறையில் சுற்றி மதியத் தொழுகையான லுஹருக்கு முன்னால் அடக்கிவிடலாம். ஒரு மாதமாக ஊரில் இறந்தவர்களின் மையித்துகளில் பாதி அப்படித்தான் போயின. அபுதாஹிர் கெட்டவர் அல்ல. தன் தம்பியையே அப்படி அனுப்பியவர். பின்வாசலில் தள்ளி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்குவமாகத்தான் ஆரம்பித்தார்.

"மார்க்கம் நம்மளக் கஷ்டப்படுத்தலம்மா. தண்ணி ஊத்த முடியாத எடத்துல மண்ணத் தொட்டு மூஞ்சிலயும் கையிலயும் தடவுனாப் போதும்."

"முடியாத எடத்துலதான மாமா? இங்கன முடியும்."

அவர் நிஜாமைப் பார்த்தார். நிஜாம் எகிறினான். யார் வந்து குளிப்பாட்டுவார்கள், ஓட்டை வழியே தண்ணீர் போனால் என்ன ஆகும், குழாயை நீ எப்படி எடுப்பாய், நீ என்ன டாக்டரா என்று அடுக்கினான். அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: குழாயோடு அம்மா போகமாட்டாள். ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் நிஜாமுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"உசுரோட இருக்கையில நோகுற மாதிரி மையித்துக்கும் நோகும்னு ஓதிக் குடுத்திருக்காக பிள்ள. அதப் பிடிச்சு இழுத்தா அம்மாவுக்கு நோவாதா?"

அதற்குத்தான் அவன் இத்தனை நேரம் கத்தியிருக்கிறான். ஹாதியாவுக்கு முதல்முறையாக அண்ணன் மேல் இரக்கம் வந்தது.

"நோவும்ணே. அதான் நானே எடுக்கேங்கேன். என்னைய விட மெதுவா யாரு எடுப்பா?"

அபுதாஹிர் தாடியைத் தடவினார். சரி, குழாயை எடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம், திருப்பிப் பிடிக்க இன்னொரு பெண் வேண்டுமே, ஒற்றை ஆளாக மையித்தைக் குளிப்பாட்ட முடியாது, யார் வருவார்கள் என்று கேட்டார். அது உண்மைதான். இந்தத் தெருவில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் பல்கீஸ் மாமி ஒருத்திதான். அவள் தங்கை போன மாதம் கொரோனாவில் போனாள். தங்கையைப் பார்க்கக்கூட விடவில்லை. அதிலிருந்து மாமி எந்த வீட்டுக்கும் போவதில்லை.

ஹாதியா பின்சந்து வழியாக அவள் வீட்டுக்குப் போனாள். உள்ளே போகாமல் வாசலில் நின்று கூப்பிட்டாள். பல்கீஸ் மாமி கதவைத் திறக்காமல் சன்னலுக்கு வந்தாள். முகம் மெலிந்து போயிருந்தது. தன்னால் முடியாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். தைரியம் எல்லாம் தங்கச்சியோடு போய்விட்டது, பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, கழுத்தில் ஓட்டை உள்ள மையித்தை அவள் ஆயுசில் தொட்டதில்லை. ஹாதியா மறுத்துப் பேசவில்லை.

"நீங்க உள்ள வர வேணாம் மாமி. எங்க சன்னலுக்கு வெளிய தள்ளி நின்னு பாருங்க. குழாய எடுத்து அடச்சதுக்கப்புறம் ஒரு சொட்டு வெளிய வந்தாலும் நீங்க திரும்பிப் போயிருங்க. மாமாகிட்ட நானே உறைய எடுத்துட்டு வரச் சொல்லிருதேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, எவ்வளவு பெரிய வார்த்தையை விட்டுவிட்டோம் என்று. விட்டது விட்டதுதான். பல்கீஸ் மாமி சன்னலை விட்டு உள்ளே போனாள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அறையில் ஹாதியா மட்டும். கதவு சாத்தியிருந்தது, இரண்டு சன்னலும் திறந்திருந்தன. ஒரு சன்னலுக்கு வெளியே பல்கீஸ் மாமி, மற்றதில் நிஜாம். அபுதாஹிர் தெருப்பக்கம் போய்விட்டார். பெண் மையித்தின் கழுத்தைப் பார்ப்பது அவருக்கு முறையில்லை. ஹாதியா கையுறை மாட்டி, மாஸ்க் இரண்டும் போட்டு, மறைப்பை இறக்கினாள். பிளீச்சிங் தண்ணீர் வாளியைக் காலடிக்கு இழுத்துக்கொண்டாள். உடுப்புக்குள் வேர்வை முதுகில் வழிந்தது.

முதலில் சளி. மெஷினைப் போட்டாள். சின்ன டியூபைக் குழாய்க்குள் இறக்குவதற்கு முன் வழக்கம்போல, "இழுக்கப் போறேம்மா," என்று சொல்லிவிட்டாள். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அம்மா அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், கட்டில் சட்டத்தைப் பிடிப்பாள். இப்போது சும்மா கிடந்தாள். கண்ணீர் மறைப்புக்குள் இறங்கியது, துடைக்க வழியில்லை. துடைக்காமலேயே வேலையைப் பார்த்தாள்.

குழாய் வாயில் ஈரப் பஞ்சுத்துணியைப் போட்டு மூடினாள். இனி பலூன். குழாயோரம் தொங்கும், பலூனுக்குக் காற்று போகிற மெல்லிய டியூபின் நுனியில் சிரிஞ்சைச் சொருகி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அசையவே இல்லை. பலூன் இறங்காமல் குழாயை எடுத்தால் உள்ளே கிழித்துக்கொண்டுதான் வரும். ஒரு சொட்டு அல்ல, கொட்டும். சன்னலில் நிஜாம் ஓதத் தொடங்கிவிட்டான். பல்கீஸ் மாமியின் துப்பட்டி பின்னால் நகர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. அல்லாவே, இதை மட்டும் முடித்துக் கொடு என்று ஹாதியா வாய்விட்டே கேட்டாள். சிரிஞ்சைக் கழற்றினாள். நுனியைத் துடைத்துப் பார்த்தாள். மருந்தோ சளியோ காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. சுரண்டிவிட்டு, சிரிஞ்சை நன்றாக அழுத்தித் திருகி, மெதுவாக இழுத்தாள். தண்டு பின்னால் வந்தது. காற்று வரவர அந்த நுனியில் இருந்த சிறு உப்பல் தட்டையாயிற்று.

பலூன் இறங்கினால் அதற்கு மேலே தேங்கியது கீழே சரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை உறிஞ்சினாள். பிறகு நாடாவைக் கத்தரித்தாள். ஒரு கையால் பஞ்சுத்துணியைக் குழாயைச் சுற்றி அணைத்துப் பிடித்து, மறு கையால் குழாயை, அது வளைந்து போகிற வளைவிலேயே, நெஞ்சுப் பக்கமாக வெளியே எடுத்தாள். எந்த மல்லுக்கட்டும் இல்லாமல் வந்துவிட்டது. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை மாதம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வாளிக்குள் போட்டாள்.

துளையின் மேல் பஞ்சுத்துணி அடுக்கி, அதன் மேல் தண்ணீர் புகாத, உள்ளே தெரிகிற பிளாஸ்டரை நாலு பக்கமும் அழுத்தி ஒட்டினாள். விரல்களை எடுத்துவிட்டு நின்றாள். மூவரும் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே எதுவும் வரவில்லை. ஆனால் பிளாஸ்டருக்கு உள்ளே, பஞ்சில், ஒரு ஈரத் திட்டு மெல்லப் பரவியது. சன்னலிலிருந்து அது தெரிய வாய்ப்பில்லை.

ஹாதியா நிமிர்ந்தாள்.

"மாமி, உள்ள ஈரம் அடிச்சிருக்கு. வெளிய வரல. ஆனா இப்படியே தண்ணி ஊத்தக் கூடாது. பிரிச்சு, துடச்சு, வேற ஒட்டுதேன். நீங்க போறதுன்னாப் போயிருங்க."

மாமி போகவில்லை. ஹாதியா பிரித்தாள், உறிஞ்சினாள், துடைத்தாள், இந்தத் தடவை பஞ்சை இன்னும் கனமாக மடித்து, பிளாஸ்டரை அகலமாக வெட்டி ஒட்டினாள். காத்திருந்தார்கள். தெருவில் யாரோ ஒலிபெருக்கியில் கடை திறக்கும் நேரத்தைச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஈரம் வரவில்லை. இன்னும் காத்திருந்தார்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அம்மாவுக்கு நொந்துச்சா?" என்று கேட்டான் நிஜாம்.

"இல்லண்ணே. நோவல."

அவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். ஹாதியாவுக்கு அழ நேரமில்லை.

பல்கீஸ் மாமியின் குரல் கதவுப்பக்கம் கேட்டது. தனக்கும் ஒரு ஜோடி கையுறையும் அந்தக் கண்ணாடித்தாளும் வேண்டுமாம். அதோடு நிற்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து வர வேண்டிய, குளிப்பாட்டுகிற பலகை எங்கே, இலந்தை இலை போட்டுத் தண்ணீர் காய்கிறதா இல்லையா, சூடம் பொடித்தாயிற்றா, மேலே சுற்றுகிற கபன் துணி ஐந்தும் சரியாக இருக்கிறதா, ஆம்பிளைகள் எல்லாம் சன்னலில் என்ன வேடிக்கை என்று நிஜாமை விரட்டினாள். அவன் ஓடினான். ஒரு மாதம் மூடிக்கிடந்த வாய், திறந்ததும் பழைய வேகத்தில் ஓடியது. அபுதாஹிர் தெருவில் ஆட்களிடம் அடக்கத்தை லுஹருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது காதில் விழுந்தது.

கொல்லையில் நாலு பக்கமும் துணி கட்டி, பலகையில் அம்மாவைக் கிடத்தினார்கள். மேலே வானம் திறந்திருந்தது. மாமி எல்லாவற்றையும் தன் முறைப்படி செய்தாள். ஹாதியா செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தொழுகைக்கு முன் செய்வதுபோல முகமும் கைகாலும் கழுவி ஒளுச் செய்வித்தார்கள். தலைமுடியை அலசினார்கள். கழுத்துக்கு வரும்போது மாமி தானாகவே தண்ணீரைக் கையில் ஏந்தி, பிளாஸ்டரைச் சுற்றி ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. ஹாதியா குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வலப்பக்கம் கழுவுவதற்காக இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மாமி தோளைப் பிடித்தாள், ஹாதியா இடுப்பைப் பிடித்தாள். பிஸ்மி சொல்லி ஒருக்களித்தார்கள். நெஞ்சு பலகையில் அழுந்தியது. உள்ளே மிச்சமிருந்த காற்று மேலே ஏறி, கழுத்தில் வழியில்லாமல், தொண்டைக்குள் போய், உதட்டின் வழியாக வெளியே வந்தது. "ம்..." என்று ஒரு சத்தம். தாழ்ந்த, கரகரப்பான, அம்மாவின் சத்தம்.

"இந்தா இருக்கேம்மா," என்றாள் ஹாதியா.

பல்கீஸ் மாமிக்கு அது புதிதல்ல. எத்தனையோ மையித்துகளைத் திருப்பும்போது கேட்டிருக்கிறாள். காற்றுதான் அது என்று சொல்ல வாயெடுத்தவள், ஹாதியாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. செம்பைச் சாய்த்துத் தோளிலிருந்து பாதம் வரை தண்ணீரை ஒரே சீராக ஊற்றி முடித்தாள். பிறகு, மறுபக்கம் திருப்புவோமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சம் இருங்க மாமி."

அம்மாவை அப்படியே ஒருக்களித்துப் பிடித்தபடி, ஹாதியா அந்த வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.